சொன்னது சேர்ந்ததா? பினாங்கு ஆலைகளின் பொறியியல் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறியியல் பிரிவுத் தலைவர்களுக்கும் மனிதவளப் பிரிவினருக்கும் வணக்கம்.

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 19 ஆண்டுகளாகச் சோதனைப் பொறியாளராக வேலை செய்கிறேன். என் குழு ஒரே கூரையின் கீழ் இல்லை. வடிவமைப்பு பெங்களூரில் நடக்கிறது. வாடிக்கையாளரின் பொறியாளர்கள் ஜெர்மனியில் இருக்கிறார்கள். சோதனையும் உற்பத்தியும் பினாங்கில் எங்கள் பொறுப்பு. இப்படிப்பட்ட குழுவுக்கு மெய்நிகர் குழு என்று பெயர் வைத்திருக்கிறோம். இன்று நம் தொழிற்பேட்டையில் பாதி வேலை இப்படித்தான் நடக்கிறதோ என்று தோன்றும் அளவுக்கு அது பழகிவிட்டது. ஆனால் அந்தக் குழு நன்றாக வேலை செய்கிறதா என்று அளக்கும் விதம் தவறாக இருக்கிறது. அந்தத் தவற்றின் விலையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஓரிடத்தில், ஒரு சோதனை ஃபிக்சருக்கு, அதாவது சோதிக்கும் பொருளைப் பிடித்துவைக்கும் அமைப்புக்கு, 40 அலுமினிய பிராக்கெட்டுகள் தேவைப்பட்டன. உள்ளங்கையில் அடங்கும் சிறிய பொருள். அதன் ஒரு பக்கச் சுவரில் மட்டும் ஒரு காடி, அதாவது பள்ளமான வெட்டு, இருக்கும். கேபிள் அதன் வழியாகத்தான் போக வேண்டும். வரைபடம் பெங்களூரிலிருந்து வந்தது. அவசரம் என்பதால், கணினித் திரையில் தெரிந்ததைப் படமெடுத்து, ஓரங்களை வெட்டி, பிறை என்ற ஊரில் உள்ள ஒரு பட்டறைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார்கள். வெட்டுப்பட்ட ஓரத்தில், வரைபடத்தின் விவரங்களை எழுதும் தலைப்புக் கட்டம் இருந்தது. அந்தக் கட்டத்துக்குள் ஒரு சிறிய சின்னம் இருந்தது: இரண்டு வட்டங்கள், பக்கத்தில் நுனி வெட்டிய கூம்பு.

அந்தச் சின்னம் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். மற்றவர்களும் இந்த மடலைப் படிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். வரைபடம் எந்த முறையில் வரையப்பட்டது என்று அது காட்டும். இந்தியாவிலும் ஜெர்மனியிலும் முதல் கோண முறையில் வரைகிறார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மூன்றாம் கோண முறை. முதல் கோண முறையில், முகப்புத் தோற்றத்துக்கு வலப்புறம் வரைந்திருப்பது பொருளை இடப்புறமிருந்து பார்த்தால் தெரியும் தோற்றம். மூன்றாம் கோண முறையில் அதே இடத்தில் இருப்பது வலப்புறமிருந்து பார்த்தால் தெரிவது. சின்னம் இல்லாமல் போனால் எது எந்த முறை என்று காகிதம் சொல்லாது.

பட்டறையில் மில்லிங் இயந்திரத்தை ஓட்டுகிற அண்ணன் கைதேர்ந்தவர். அமெரிக்க ஆர்டர்களிலேயே தலை நரைத்தவர். அவருக்குச் சந்தேகம் வந்தது. "இந்தக் காடி எந்தப் பக்கச் சுவரில் வர வேண்டும்?" என்று கொள்முதல் பிரிவின் குழுவில் கேட்டார். வடிவமைப்பாளர்கள் எவரும் அந்தக் குழுவில் இல்லை. கொள்முதல் அலுவலர் அந்தக் கேள்வியைச் சுருக்கி எங்கள் குழுவில் போட்டார்: "பட்டறை கேட்கிறது, காடி சரிதானா?" நான்கே நிமிடத்தில் பெங்களூரிலிருந்து பதில் வந்தது: "சரி. வரைபடப்படி செய்யவும்."

40 பிராக்கெட்டுகளும் கண்ணாடியில் பார்த்த பிம்பம்போல எதிர்ப்பக்கக் காடியோடு வந்து சேர்ந்தன.

அந்த மாதம் எங்கள் குழுவின் மதிப்பெண் அட்டையில் என்ன இருந்தது தெரியுமா? கூட்டங்களுக்கு வருகை முழுமை. செய்திகளுக்குப் பதில் தரும் வேகம் மிக நன்று. எங்களைக் கவிழ்த்த அந்த நான்கு நிமிடப் பதிலும் அந்த வேகக் கணக்கில் வெற்றியாகவே சேர்ந்திருந்தது. கேட்டவர் கேட்டது ஒன்று, பதில் சொன்னவரிடம் போய்ச் சேர்ந்தது வேறொன்று. இடையில் தொலைந்ததை அளக்க அட்டையில் ஒரு வரிகூட இல்லை. பட்டறை அண்ணனுக்கோ அந்த அட்டையில் இடமே இல்லை. ஏனென்றால் அவர் குழுவைச் சேர்ந்தவர் அல்லவாம்.

இனி உங்கள் மொழியிலேயே பேசுகிறேன். உங்கள் ஆலையில் ஒரு மைக்ரோமீட்டரை எடுத்துப் பாருங்கள். அது சரியாக அளக்கிறது என்று சோதித்ததற்கான கலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அடுத்த தேதியும் எழுதியிருக்கும். தேதி தாண்டிய கருவியால் அளந்த ஒரு துண்டைக்கூட வாடிக்கையாளருக்கு அனுப்ப விடமாட்டீர்கள். புதிய அளவுகருவி வந்தால் கேஜ் ஆர் அண்ட் ஆர் என்ற சோதனையைச் செய்கிறோம். 10 துண்டுகளை எடுத்து, மூன்று பேரிடம் கொடுத்து, ஒவ்வொருவரையும் திரும்பத் திரும்ப அளக்கச் சொல்கிறோம். துண்டுகளுக்கு இடையே உண்மையாகவே இருக்கும் வேறுபாடு எவ்வளவு, அளப்பதனால் வரும் வேறுபாடு எவ்வளவு என்று பிரிக்கிறோம். அளவீட்டின் பங்கு 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் ஏற்கிறோம். 30 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தக் கருவியை ஒதுக்கிவைக்கிறோம்.

ஒரு திருகின் விட்டத்தை அளக்க இவ்வளவு கவனம். மனிதர்கள் சேர்ந்து செய்யும் வேலையை அளக்கும் கருவிக்கு மட்டும் ஏன் ஸ்டிக்கர் இல்லை? பெயருக்குப் பக்கத்தில் எரியும் பச்சைப் புள்ளி, ஒரு நாளில் அனுப்பிய செய்திகளின் எண்ணிக்கை, சுட்டி அசைந்த நேரம், கேமராவைத் திறந்து வைத்திருந்த நேரம் ஆகிய இவை எதை அளக்கின்றன என்று யாராவது சோதித்தோமா? ஒரு சோதனையைச் சொல்கிறேன், செலவே இல்லாதது. மூன்று மேலாளர்களிடம் ஒரே குழுவின் ஒரு காலாண்டுப் பதிவுகளைத் தனித்தனியாகக் கொடுங்கள். குழு எப்படி வேலை செய்தது என்று மதிப்பெண் போடச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அதே பதிவுகளை மறுபடியும் கொடுங்கள். மூவரின் மதிப்பெண்ணும் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டால், அல்லது ஒருவரின் மதிப்பெண்ணே மாறிப் போனால், அந்த அட்டையை வைத்து யாருடைய போனஸையும் முடிவு செய்யாதீர்கள்.

என் அம்மாவும் பாயான் லெப்பாஸில்தான் வேலை செய்தார். லிம் சொங் யூ முதலமைச்சராக இருந்த காலத்தில், 1972-இல் இங்கே தடையற்ற வணிக வலயம் உருவாகி, ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அம்மா அந்தப் பத்தாண்டின் கடைசியில் சேர்ந்தார். நாளெல்லாம் மைக்ராஸ்கோப்பில் கண் பதித்து, சில்லுகளைச் சட்டத்தில் ஒட்டும் வேலை. மணிக்கு ஒருமுறை பலகையில் எண்ணிக்கை எழுதுவார்கள். கடுமையான அளவுதான். ஆனால் எழுத வருகிற சூப்பர்வைசர் அம்மாவின் இருக்கைக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். எண் குறைந்திருந்தால் ஊசி தேய்ந்திருக்கிறதா, பசை சரியில்லையா, கண் வலிக்கிறதா என்று கேட்பார். எண்ணுக்குப் பின்னால் இருந்த காரணம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. மெய்நிகர் குழுவில் அந்த நெருக்கம் இல்லாமல் போய்விடுகிறது. எண் மட்டும் கடல் கடந்து வருகிறது, காரணம் வருவதில்லை. அதனால் நாம் அளக்க வேண்டியது மனிதரின் சுறுசுறுப்பை விட, காரணம் வந்து சேர்கிறதா என்பதைத்தான்.

தூரம் சாதாரண விஷயம் அல்ல என்று ஆராய்ச்சியாளர்களும் காட்டியிருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஆலன், பொறியாளர்களின் மேசைகளுக்கு இடையே உள்ள தூரம் கூடக்கூட அவர்கள் தொழில் பற்றிப் பேசிக்கொள்வது வேகமாகக் குறைகிறது என்று 1970-களிலேயே அளந்து சொன்னார். அவர் சொன்னது மீட்டர் கணக்கு; ஒரே கட்டடத்துக்குள் உள்ள தூரம். நமக்கு நடுவிலோ வங்காள விரிகுடா இருக்கிறது. 2001-இல் ஆராய்ச்சியாளர் கேத்தரின் கிராம்டன் வெளியிட்ட ஆய்வு, வெவ்வேறு ஊர்களிலிருந்து சேர்ந்து வேலை செய்த மாணவர் குழுக்களைப் பற்றியது. எனக்கு அது மிக நெருக்கமானது. அங்கே குழுக்களைக் கெடுத்தவற்றில் ஒன்று மௌனம். பதில் வராதபோது சிலர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள், சிலர் எதிர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்த ஆள் ஊரிலேயே இல்லாமல் இருந்திருப்பார். எதிர்முனையில் இருப்பவரின் சூழல் தெரியாததால், சூழலின் தவறெல்லாம் ஆளின் தவறாக எழுதப்பட்டது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு தைப்பூசம் நினைவுக்கு வந்தது. பினாங்கில் அன்று பொது விடுமுறை. என் சக ஊழியர் ஒருவர் நேர்த்திக்கடனுக்காகக் காவடி எடுத்து, தண்ணீர்மலைப் படிகளில் ஏறிக்கொண்டிருந்தார். ஜெர்மனியில் அது வழக்கமான வேலை நாள். அந்த நாளில் அவருக்கு வந்த ஒன்பது செய்திகளும் "பதில் இல்லை" என்று அட்டையில் ஏறின. மறுவாரம் அதற்கு அவரிடம் விளக்கம் கேட்டார்கள். அவர் விளக்கினார், ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அந்த எண் அட்டையிலிருந்து நீக்கப்படவே இல்லை. அதன் பிறகு அவர் விடுமுறை நாட்களிலும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எந்த அளவுகோலும் தான் அளக்கும் மனிதரை மாற்றிவிடும். இந்த அளவுகோல் அவரை எந்தப் பக்கம் தள்ளியது என்று யோசித்துப் பாருங்கள்.

ஓர் அளவை இலக்காக மாற்றினால் அது நல்ல அளவாக இருப்பதை நிறுத்திவிடும் என்பார்கள். 1975-இல் பொருளியல் அறிஞர் சார்லஸ் குட்ஹார்ட் சொன்ன கருத்திலிருந்து வந்த விதி அது. எங்கள் குழுவிலேயே அதைப் பார்த்தேன். பதில் வேகத்துக்கு மதிப்பெண் என்று அறிவித்த மறுவாரமே "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்ற பதில்கள் பெருகின. கடிகாரம் நின்றது, கேள்வி அப்படியே கிடந்தது.

தவறுகளின் எண்ணிக்கையை அளக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அங்கேயும் எச்சரிக்கை தேவை. ஆராய்ச்சியாளர் எமி எட்மண்ட்சன் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்து 1996-இல் வெளியிட்ட கட்டுரையில், நன்றாக இயங்கும் குழுக்களில்தான் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததால் என்று கொள்ள வேண்டியதில்லை. தவற்றை வெளியே சொல்ல அவர்களுக்குப் பயம் இல்லை என்பதே அவர் கண்ட விளக்கம். தவறு குறைவு என்று பச்சை காட்டும் குழுவில், வாயைத் திறக்கப் பயப்படும் ஒரு பொறியாளர் இருக்கலாம். அதை நினைத்து எனக்குத் தூக்கம் கெட்டிருக்கிறது.

அப்படியானால் எதை அளப்பது? நான் சொல்லப்போவது ஒரு சோதனைப் பொறியாளரின் அனுபவம், அவ்வளவுதான்.

முதலில், கேள்வியின் வயதை அளந்து பாருங்கள். ஒரு கேள்வி பிறந்த நேரம் முதல், கேட்டவர் கையை இயந்திரத்தில் வைக்கும்படியான பதில் கிடைக்கும் நேரம் வரை. நடுவில் வரும் "பார்க்கிறேன்"கள் கணக்கில் வராது. கேள்வி முடிந்ததா என்று சொல்லும் உரிமை கேட்டவருக்கு மட்டுமே இருக்க வேண்டும். அது எத்தனை கைகள் மாறியது, எத்தனை முறை திரும்பி வந்தது என்பதையும் குறியுங்கள். எங்கள் பிராக்கெட் விஷயத்தில் அந்தக் கேள்வி கடைசி வரை முடியவே இல்லை. இந்த ஒரே எண் இருந்திருந்தால், அலுமினியத்தில் கட்டர் படுவதற்கு முன்பே சிவப்பு எரிந்திருக்கும்.

அடுத்து, கைமாற்றத்தின் இரு முனைகளையும் கேளுங்கள். வரைபடத்தை அனுப்பியவர், "தேவையான எல்லாம் இதில் இருக்கிறது" என்று பத்துக்கு எத்தனை கொடுப்பார்? அதே வரைபடத்தை வாங்கி வேலை தொடங்குபவர் எத்தனை கொடுப்பார்? அந்த இரண்டு எண்களைவிட அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் எனக்கு முக்கியம். அனுப்பியவர் 9, வாங்கியவர் 5 என்றால் அங்கேதான் குழு ஒழுகுகிறது. இருவரும் 6 என்றால் வேலையில் குறை இருந்தாலும் அந்தக் குழுவுக்குத் தன் நிலை தெரியும். அது சீக்கிரம் தேறிவிடும்.

வெளியிட்ட பிறகு வரைபடத்தில் நடக்கும் மாற்றங்களை நாம் ஏற்கெனவே எண்ணுகிறோம். ஆனால் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறோம். சோதனையில் புதிதாகக் கற்றுக்கொண்டதால் வந்த மாற்றம் நல்ல மாற்றம். அதைக் குறைக்கச் சொன்னால் பொறியியலே நின்றுவிடும். தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த மாற்றம் வேறு. மாற்றத்தின் காரணத்தைப் பதியும் குறியீட்டில் இந்த இரண்டையும் பிரித்தாலே போதும். ஏர்பஸ் ஏ380 விமானத்தின் தாமதத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஹாம்பர்க்கிலும் துலூஸிலும் ஒரே வடிவமைப்பு மென்பொருளின் வெவ்வேறு பதிப்புகளைப் பயன்படுத்தினார்கள். கம்பிகளைப் பொருத்த வந்தபோது அவை சரியாகச் சேரவில்லை. 2006-இல் அந்த நிறுவனம் ஒப்படைப்புத் தேதிகளை அடுத்தடுத்துத் தள்ளிப்போட வேண்டியதாயிற்று. அவ்வளவு பெரிய நிறுவனத்திலும் ஓட்டை இரண்டு ஊர்களுக்கு நடுவில்தான் இருந்தது.

இரவின் சுமையையும் அளக்கச் சொல்கிறேன். இதைச் சொல்லும்போது குரல் கொஞ்சம் உயர்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெங்களூருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம்தான்; சமாளிக்கலாம். ஜெர்மனி கோடையில் 6 மணி நேரமும் குளிர்காலத்தில் 7 மணி நேரமும் பின்னால் இருக்கிறது, பிற்பகலில் பேசிவிடலாம். கலிஃபோர்னியாவோ 15 அல்லது 16 மணி நேரம் பின்னால். அங்கே காலை 8 மணிக் கூட்டம் என்றால் கோடையில் நமக்கு இரவு 11 மணி. என் தோழி ஒருத்தி வாரத்தில் மூன்று இரவு அப்படி உட்கார்கிறாள். காலை 6 மணிக்கு எழுந்து பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புகிறாள். அவளுடைய அட்டையில் கூட்ட வருகை 100 விழுக்காடு. இரவு 8 மணிக்குப் பிறகு நடக்கும் கூட்டங்கள் எந்த ஊர்க்காரர் தலையில் எத்தனை விழுகின்றன என்று அட்டையில் ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே ஊரின் தலையில் மட்டும் விழுந்தால், அந்தக் குழு இன்றைய வேலையை நாளைய பொறியாளரைத் தின்று செய்கிறது. குழுக்களைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்த ரிச்சர்ட் ஹாக்மன், குழுவின் வெற்றிக்கு மூன்று சோதனைகள் வைத்தார்: செய்த வேலையைப் பெறுபவர் ஏற்றாரா, மறுபடியும் சேர்ந்து வேலை செய்யும் வலு குழுவுக்கு மிஞ்சியிருக்கிறதா, உறுப்பினர் ஒவ்வொருவரும் அதனால் வளர்ந்தாரா. நம் அட்டைகள் பெரும்பாலும் முதல் சோதனையோடு நின்றுவிடுகின்றன.

2023 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள மலேசிய வேலைச் சட்டத் திருத்தத்தின்படி வார வேலை நேரம் 48-லிருந்து 45 மணியாகக் குறைந்தது. நெகிழ்வான வேலை ஏற்பாட்டுக்கு ஊழியர் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். நீங்கள் அந்த விண்ணப்பங்களைப் பார்க்கும்போது, பச்சைப் புள்ளிக் கணக்கை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று மட்டும் இங்கே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. வாரா வாரம் எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். உற்பத்தி வரிசையில், இயல்பான ஏற்ற இறக்கத்துக்கு மேலும் கீழும் எல்லைக் கோடு போட்ட கட்டுப்பாட்டு வரைபடம் வைத்திருக்கிறோம். எல்லைக் கோடுகளுக்குள் ஒரு புள்ளி கொஞ்சம் இறங்கியதற்காக வரிசையை நிறுத்துகிறவரை நாமே திருத்துவோம். ஆனால் கேள்வியின் வயது ஒரு வாரம் ஏறினால் உடனே மின்னஞ்சல் பறக்கிறது. மனிதர்களின் வேலையில் ஏற்ற இறக்கம் இயந்திரத்தைவிட அதிகம். குறைந்தது ஒரு காலாண்டு பாருங்கள். எண்ணைக் குழுவிடம் கொடுங்கள். தனி ஆளின் பெயருக்கு நேராக எழுதாதீர்கள்.

பயணச் செலவை வெட்டுவதற்கு முன்னும் ஒரு நிமிடம் யோசியுங்கள். மார்த்தா மஸ்னெவ்ஸ்கி, கேத்தரின் சுடோபா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் உலகம் முழுதும் பரவியிருந்த மூன்று குழுக்களை 21 மாதங்கள் கவனித்து 2000-இல் எழுதினார்கள். நேரில் சந்திப்பது சீரான இடைவெளியில் இதயத்துடிப்புபோல வந்தபோது, நடுவிலுள்ள தொலைபேசியும் மின்னஞ்சலும் அந்தத் துடிப்பைச் சுற்றி நன்றாக ஓடின. பெங்களூர் வடிவமைப்பாளரோடு ஆறு ஆண்டுகள் தினமும் பேசியிருக்கிறேன். ஒரே ஒரு முறை அவர் பினாங்குக்கு வந்தார். அவரைப் பிறைப் பட்டறைக்கு அழைத்துப் போனேன். அந்த அண்ணன் தம் மேசை இழுப்பறையைத் திறந்து, எதிர்ப்பக்கக் காடி வைத்த பிராக்கெட் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தார். திட்டவில்லை. "தம்பி, அடுத்த முறை அந்தக் கூம்புச் சின்னத்தை வெட்டிவிடாமல் அனுப்புங்கள்" என்றார். வடிவமைப்பாளர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அங்கேயே அந்த அண்ணனின் எண்ணைத் தம் கைப்பேசியில் பதிந்துகொண்டார். அன்றிலிருந்து பட்டறையின் கேள்விகள் நேராக அவருக்கே போகின்றன.

என் வேண்டுகோள் சிறியது. அடுத்த காலாண்டில் உங்கள் ஆலையில் ஒரே ஒரு திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் குழுவுக்கு மட்டும் பழைய அட்டையை நிறுத்திவையுங்கள். கேள்வியின் வயது, கைமாற்றத்தின் இடைவெளி, புரிதல் பிழையால் வந்த மாற்றங்கள், இரவுக் கூட்டங்களின் பங்கு ஆகிய நான்கை மட்டும் எழுதுங்கள். எழுதும் வேலையைக் குழுவிடமே விடுங்கள். டெக்னீஷியன்களையும் பட்டறைக்காரர்களையும் குழுவின் உறுப்பினர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். காலாண்டு முடிந்ததும் கூடிப் பேசும்போது முதலில் அவர்களைப் பேச விடுங்கள். எந்த ஆலை இதைச் செய்ய முன்வந்தாலும், படிவங்களைத் தயாரிக்கவும் முதல் மாதம் கூடவே உட்கார்ந்து எழுதவும் என் சனிக்கிழமைகளைத் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு சோதனைப் பொறியாளர்
பாயான் லெப்பாஸ், பினாங்கு